ஒரு பேப்பர்தான மாப்ள!

நேத்து ராத்திரி ஒறம்பரைல ஒருத்தர் போன் பண்ணினாருங்க. "மாப்ள, பையனுக்கு இன்டர்ன்ஷிப் சர்டிபிகேட் ஒண்ணு வேணும், உன்ற லெட்டர்பேட்ல அடிச்சு ஒரு சீல் வெச்சுக் குடுத்துரு, அவனுக்கு ஆபீஸ் வர்றதுக்கெல்லாம் நேரமில்ல"ன்னார். முடியாதுங்க மாமான்னு சொன்னேன். "ஒரு பேப்பர்தான மாப்ள, அதுக்கு இத்தன ரோசனையா"ன்னுட்டு பட்டுனு வெச்சுட்டார். அடுத்த விசேசத்துல மூஞ்சியத் திருப்பிக்குவார், பரவால்ல.

நான் ஒண்ணும் யோக்கியன் இல்லீங்க. 2010ல என்ற பைனல் இயர் புராஜெக்ட்டே கோயமுத்தூர் காந்திபுரம் நூறடி ரோட்டுல காசு குடுத்து வாங்குனதுதான். மூணு பேரு ஒட்டுக்கா சேந்து போட்டோம், ஆளுக்கு 3000. லேமினேட் பண்ணின டைட்டில் லிஸ்ட் ஒண்ணு குடுப்பாங்க, ஓட்டல் மெனு கார்டாட்டம், எல்லாம் ஐஇஇஇன்னு எஞ்சினியருங்க அமைப்பு போடற ஆராய்ச்சிக் கட்டுரைத் தலைப்பு. ஒண்ணத் தொட்டா போதும், ஒரு சிடி, பைண்டிங் போட்ட ரிப்போர்ட்டு, வைவால என்ன கேப்பாங்க என்ன சொல்லோணும்னு நாலு பக்கம் ஜெராக்ஸ். வைவா அன்னைக்கு எக்ஸ்டர்னல், அதான் வெளி காலேஜ்லருந்து கேள்வி கேக்க வர்றவரு, அந்த நாலு பக்கத்துல இல்லாத கேள்வியாக் கேட்டார். "தம்பி, இந்த ஒரு லைன எடுத்துட்டா என்னாகும்?" மூணு பேரும் ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாத்துட்டு நின்னோம். பாஸ் போட்டுட்டார், அது வேற. ஆனா அந்த நிமிசம் இன்னும் மறக்கலீங்க.

இப்ப சரவணம்பட்டில 16 பேரோட ஒரு சின்ன கம்பெனி, மில்லுக்கும் குடோனுக்கும் சாப்ட்வேர் பண்றோம். மேசைக்கு இந்தப் பக்கம் உக்காந்தப்பறம்தான் கம்பெனிக்காரங்க பண்ற கூத்தும் தெரியுது. பசங்ககிட்ட காசு வாங்கிட்டு "இன்டர்ன்ஷிப்" குடுக்கறவங்க ஒரு பக்கம், அது இன்டர்ன்ஷிப் இல்லீங்க டியூசன், டியூசன்னு போர்டு வெச்சா யாரும் ஒண்ணும் சொல்லப் போறதில்ல. இன்னொரு பக்கம் ஆறு மாசம் சும்மா வேலை வாங்கிட்டு கடைசில டீசர்ட்டு ஒண்ணு குடுத்து அனுப்பறவங்க. அப்ரண்டிஸ்னு முறையா எடுத்தா 1961 சட்டம் இருக்கு, 2019ல விதியத் திருத்தினப்ப டிகிரி முடிச்சவங்களுக்கு மாசம் 9000க்குக் கொறையக்கூடாதுன்னு வெச்சாங்க. இன்டர்ன்னு பேர மாத்திக் கூப்பிட்டா அந்தக் கணக்கே வர்றதில்ல பாருங்க, அதான் எல்லாருக்கும் இன்டர்ன் மேல இத்தன பாசம்.

நான் வருசத்துக்கு ரெண்டே பேரத்தான் எடுக்கறது. எச்சா எடுத்தா சொல்லிக்குடுக்க ஆளில்ல, அதான் நெசம். மொத ரெண்டு வாரம் ஒரு இன்டர்னால கம்பெனிக்கு பைசா பிரயோசனம் கிடையாது, எங்க சீனியர் ஒருத்தரோட பாதி நாளு அதுலயே போயிரும். அதத் தாங்க முடியாதவங்க எடுக்கவே கூடாது. இருபது பேர எடுத்து ஒரு ரூம்ல உக்கார வெச்சு யூடியூப் பாருங்கன்னு சொல்றதுக்கு அவங்க வீட்லயே பாத்துக்குவாங்களே!

போன வருசம் வந்த பொண்ணு ஒண்ணு, சோமனூர்ப் பக்கம், வீட்ல கூலிக்கு ஓடற விசைத்தறி. வந்த மொத நாள் புராஜெக்ட் என்னம்மான்னு கேட்டா, மூஞ்சியப் பாத்து அட்டென்டென்ஸ் போடறதுங்க சார்ங்குது. ஏன் கண்ணு, உங்க காலேஜ்ல இன்னும் யாருக்குமே அட்டென்டென்ஸ் எடுக்கத் தெரியலயா, வருசா வருசம் அதையே பண்றீங்கன்னேன். சிரிச்சுது. உங்கப்பாவுக்கு எதுல ரொம்ப வெசனம்னு கேட்டதுக்கு யோசிக்காம சொல்லுச்சு, "மீட்டர் கணக்குதாங்க சார்". பாவும் (தறில நீளவாக்குல ஓடற நூலு) ஊடை நூலும் (குறுக்க போறது) குடுக்கறவரு நோட்டுல ஒரு கணக்கு, இவங்க சுவத்துல சாக்பீஸ்ல எழுதற கணக்கு ஒண்ணு, ரெண்டும் ஒத்தே வராதாம். அதுல கூலி ரேட்டு வேற துணி ரகத்துக்கு ரகம் மாறும். 2021 நவம்பர்ல பேச்சுவார்த்தைல சோமனூர் ரகத்துக்கு 23 சதவீதம், மத்த ரகத்துக்கு 20ன்னு ஏத்தி அறிவிச்சாங்க, அது கைக்கு வரலேன்னு 2022 ஆரம்பத்துல தறியவே நிறுத்தினாங்க. அந்த ஊட்டுப் பொண்ணு மூஞ்சி அட்டென்டென்ஸ் பண்ணுதுங்க, என்னத்தச் சொல்ல.

சரி, அட்டென்டென்ஸ விட்டுட்டு அந்த மீட்டர் கணக்கையே பண்ணுன்னு விட்டோம். மொதல்ல வாய்ல சொன்னா பதிஞ்சுக்கறாப்டி பண்ணுச்சு, ஆபீஸ்ல அருமையா ஓடுச்சு. தறி ஓடற செட்டுக்குள்ள கொண்டு போனா பக்கத்துல நின்னு கத்தினாக்கூட காது கேக்காது, போனுக்கு எங்க கேக்கறது. தூக்கிப் போட்டுட்டு, எண்ணெய்க் கையோட அழுத்தறாப்டி பெரிய பெரிய பட்டனா வெச்சுது. அப்பறம் ஒரு நாள் அழுகாத கொறையா வந்து நிக்குது, கோடிங்ல எங்கியோ தப்பு சார், ஒவ்வொரு பாவுக்கும் துணி கொறையுதுன்னு காட்டுதுன்னு. மூணு நாள் நானும் எங்க சீனியரும் தேடினோம், ஒரு தப்பும் இல்ல. கடைசில அதோட அப்பாகிட்ட கேட்டா அவரு சிரிக்கறாரு. "100 மீட்டர் பாவு ஓட்டினா 100 மீட்டர் துணி எப்படிக் கண்ணு வரும், நூலு ஊடைக்கு மேலயும் கீழயும் ஏறி எறங்கியில்ல போவுது." நேராப் போற நூலுக்கும் வளைஞ்சு போற நூலுக்கும் உள்ள வித்தியாசம் அவ்வளவுதாங்க, துணிக்குத் துணி அது மாறும். அத ரகவாரியா அவருகிட்டயே கேட்டு உள்ள போட்டப்பறம்தான் கணக்கு நின்னுச்சு. பதினஞ்சு வருசமா மில் சாப்ட்வேர் பண்றேன்னு பீத்திக்கறவன் நான், எனக்கே அது தெரியல.

இத காலேஜ்ல கொண்டு போய் வெச்சா மொதக் கேள்வி, "பேஸ் பேப்பர் எங்க?" அதாவது எந்த ஆராய்ச்சிக் கட்டுரையப் பாத்துப் பண்ணினன்னு. ரெண்டாவது கேள்வி, "இதுல ஏஐ எங்கம்மா இருக்கு?" இத நான் எங்க போய்ச் சொல்றது. எக்ஸ்டர்னலயும் முழுசாக் குத்தம் சொல்ல முடியாது, ஒரே நாள்ல அத்தன பேரப் பாக்கோணும், பைண்டிங்கும் தலைப்பும்தான் கண்ணுக்குத் தெரியும். ஆனா பண்ணினத தறிக்காரர் ஒருத்தர் நெசமா ஓட்டிப் பாக்கறாருன்னா அதுக்கு ஒரு மார்க்கு வேண்டாமுங்களா? மூஞ்சி அட்டென்டென்ஸ் பண்ணின பசங்களுக்கு இதவிட எச்சா போட்டாங்களாம்.

அடுத்த ஜனவரிக்கு மறுபடி ரெண்டு பேரு எடுக்கறோம். எட்டு வாரம், தெனமும் வரோணும், மாசம் 8000 குடுப்போம், பஸ் செலவு தனி. ரெஸ்யூம் அனுப்பாதீங்க, உங்க ஊட்லயோ ஊர்லயோ யாருக்கு என்ன கணக்கு இடிக்குதுன்னு தமிழ்லயே பத்து வரி எழுதி இன்பாக்ஸ்ல போடுங்க. மாமா பையனும் போடலாம்.

அந்தப் பொண்ணோட அப்பா இப்பவும் சுவத்துல சாக்பீஸ்லயும் எழுதி வெக்கறாராம். ஏனுங்கன்னு கேட்டா, போனு சார்ஜ் நிக்கறதில்லீங்கறார்.