அவள் என்ன செத்தே போயிட்டாள்?

பெப்ரவரியில் ஒரு வியாழக்கிழமை இரவு என் சிநேகிதியைக் கட்டுநாயக்காவில் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தேன். கனடாவுக்குப் போகிறாள். அவள், கணவர், இரண்டு பிள்ளைகள், எட்டுப் பெட்டிகள். ஒரு பெட்டி நிறை கூடிப்போனதால் விமான நிலையத் தரையிலேயே அதைத் திறந்து, இரண்டு கிலோ மிளகாய்த்தூள் பைக்கற்றை எடுத்து என் கையில் தந்தாள். "நீ வைச்சிரு" என்றாள். கடைசியாகச் சொன்னதே அவ்வளவுதான். பின்னால் நின்றவர்கள் அவசரப்படுத்தினார்கள்.

அந்தத் தூளோடு வெள்ளவத்தைக்குத் திரும்பி வந்தேன். விடிய ஐந்தரைக்கு அம்மா தேத்தண்ணி போடக் குசினிக்குள் வந்தபோது, நான் பைக்கற்றை மேசையில் வைத்துவிட்டு அழுதுகொண்டிருந்தேன்.

"என்ன பிள்ளை இது, சின்னப் பிள்ளையள் மாதிரி? அவள் என்ன செத்தே போயிட்டாள்? நல்லதுக்குத்தானே போறாள். சந்தோசப்படு."

அம்மா சொன்னதில் பிழை என்று எதைக் காட்டுவது? அவள் சாகவில்லை. நல்லதுக்குத்தான் போனாள். நானும் சந்தோசப்பட்டேன்தான். ஆனால் பதினாலு வருசமாக ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் வேலை முடிய கொள்ளுப்பிட்டியில் ஒன்றாக 100ஆம் இலக்க பஸ்ஸில் ஏறி, ஒரு தரிப்பு முன்னாலேயே இறங்கி, மரைன் டிரைவ் வழியாகக் கடலையும் ரயிலையும் பார்த்துக்கொண்டு வடை சாப்பிட்டபடி நடந்து வந்த ஒருத்தி அடுத்த வெள்ளிக்கிழமை இல்லை. இதை எந்தக் கணக்கில் எழுதுவது?

பதில் சொல்லாமல் முகம் கழுவப் போனேன். அழுகை நின்றது. அதற்குப் பதிலாக ஒரு வெட்கம் வந்து உட்கார்ந்துகொண்டது. அந்த வெட்கத்தைப் பற்றித்தான் இந்தப் பதிவு.

எங்கள் வீடுகளில் ஒரு தராசு இருக்கிறது. விமான நிலையத்தில் பெட்டி நிறுக்கிற மாதிரித்தான். நீங்கள் ஒரு கவலையைக் கொண்டுவந்தால் முதலில் அதை நிறுத்துப் பார்ப்பார்கள். மற்றத் தட்டில் என்ன இருக்கிறது? அம்மா 83 யூலைக் கலவரத்தில், பதினேழு வயதில் பம்பலப்பிட்டி இந்துக் கல்லூரியில் அகதியாகக் கிடந்து, உடுத்த உடுப்போடு கப்பலில் காங்கேசன்துறைக்குப் போனவர். சின்னம்மா 95 ஒக்டோபர் இடப்பெயர்வில் ஒரே இரவில் யாழ்ப்பாணத்தை விட்டுச் சாவகச்சேரிப் பக்கம் நடந்தவர். பிறகு சுனாமி. பிறகு யுத்தம் முடிந்த 2009. இந்தத் தட்டில் இவ்வளவு இருக்கும்போது என்னுடைய தட்டில் ஒரு சிநேகிதியும் இரண்டு கிலோ மிளகாய்த்தூளும். எப்படி நிறை காணும்?

காணாதுதான். ஆனால் நிறை காணாத கவலைக்கு வலி இல்லாமல் போய்விடுகிறதா? "தலையிடியும் காய்ச்சலும் தனக்குத் தனக்கு வந்தால்தான் தெரியும்" என்று இதே அம்மாதான் எனக்குச் சொல்லித் தந்தார்.

ஒரு கல்யாணம், ஒரு செத்தவீடு என்றால் எங்களுக்கு எல்லாம் தெரியும். யாராவது இறந்தால் மலர்ச்சாலை இருக்கிறது, வெள்ளை உடுப்பு இருக்கிறது, சாப்பாடு கொண்டுவந்து தருகிற அயல்வீடு இருக்கிறது, 31ஆம் நாள் இருக்கிறது. வேலையிடத்தில் லீவு தருவார்கள். ஒருத்தி குடும்பத்தோடு நாடு விட்டுப் போனால்? பிரியாவிடை என்று சொல்லி ஃபிரைட் ரைஸ் எடுத்து, கேக் வெட்டி, படம் எடுத்துப் போடுகிறோம். அழுவதற்கென்று அந்த நிகழ்ச்சி நிரலில் இடமே இல்லை. அமெரிக்க ஆய்வாளர் கென்னத் டோகா 1989-இலேயே இதற்கு ஒரு பெயர் வைத்துவிட்டார். ஊர் அங்கீகரிக்காத துக்கம் என்று அதைத் தமிழில் சொல்லலாம். இழந்தது உண்மை, ஆனால் அழும் உரிமை உனக்கு இல்லை என்று சுற்றியிருப்பவர்கள் சொல்லாமல் சொல்லும் துக்கம். இதை முதலில் வாசித்தபோது எனக்கு ஏற்பட்ட ஆறுதல் கொஞ்சநஞ்சமல்ல. சரி, எனக்கு மட்டும் வந்த விசர் இல்லை இது.

அவ்வளவு தூரம் அமெரிக்காவுக்குப் போகவும் தேவையில்லை. ஏ.எல்.-இல் தமிழ் படித்தவர்களுக்கு மெய்ப்பாடு, அதாவது மனதில் உள்ளது உடலில் தெரிவது பற்றிய பாடம், நினைவிருக்கும். தொல்காப்பியர் அழுகைக்கு நாலு காரணம் சொல்கிறார்: இளிவு, இழவு, அசைவு, வறுமை. மற்றவர் நம்மை இழிவாக நடத்தினாலும் அழுகை வரும். இழந்தாலும் வரும். இருந்த நிலையிலிருந்து தளர்ந்தாலும் வரும். இல்லாமையிலும் வரும். அந்த வரியை எத்தனை தடவை வாசித்தாலும் இன்ன அளவுக்கு மேல் இழந்தால்தான் அழலாம் என்று அங்கே எதுவும் இல்லை. இழவு என்றால் சாவு மட்டும்தான் என்று ஆக்கி, பிறகு அதையும் ஒரு வசைச்சொல்லாக்கியது பின்னால் வந்த நாங்கள்.

இவ்வளவு எழுதுகிறேனே, நானும் அதே தராசோடு திரிந்தவள்தான். 2022 நினைவிருக்கிறதா? மார்ச் கடைசியில் 13 மணிநேர மின்வெட்டு, பெற்றோலுக்கு இரவு முழுக்க வரிசை, காஸ் சிலிண்டருக்கு இன்னொரு வரிசை. அந்த நாட்களில் என்னோடு வேலை செய்த ஒரு தங்கச்சி மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அழுதாள். அவளுக்குப் பட்டமளிப்பு முடிந்திருந்தது. பதுளையிலிருந்து அம்மா அப்பாவால் வர முடியவில்லை. வாகனம் பிடிக்க எண்ணெய் இல்லை. அவர்களுடைய தோட்ட லயத்திலிருந்து பட்டம் பெறும் முதல் பிள்ளை அவள். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "ஊரே பெற்றோலுக்கு வெயிலுக்க நிக்குது, உமக்குப் படம் எடுக்கேல்லை எண்டு கவலையா?" சிரித்துக்கொண்டுதான் சொன்னேன். அவளும் சிரித்தாள். அதற்குப் பிறகு இரண்டு வருசம் ஒரே மேசையில் சாப்பிட்டோம். சொந்த விசயம் ஒன்றுகூட என்னிடம் அவள் சொன்னதில்லை. அது ஏன் என்று இந்த வருசம் பெப்ரவரி வரைக்கும் எனக்கு விளங்கவில்லை.

இன்னொருவர். 2019 ஏப்ரல் 21, தேவாலயங்களில் குண்டுகள் வெடித்த உயிர்த்த ஞாயிறு. கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலுக்குப் போக வெளிக்கிட்டு, சின்ன மகன் சப்பாத்தைக் காணவில்லை என்று நின்றதால் பிந்தி, அதனால் தப்பியவர். கொட்டாஞ்சேனைக்காரர், நல்ல பகிடிக்காரர். அதற்குப் பிறகு ஓட்டோ சைலன்சர் வெடித்தாலும் அவருடைய கை நடுங்கும். "உங்களுக்கு ஒண்டும் நடக்கேல்லைத்தானே, கடவுளுக்கு நன்றி சொல்லுங்கோ" என்று எல்லாரும் சொன்னோம். அவரும் நன்றி சொன்னார், ஒவ்வொரு செவ்வாயும் மெழுகுதிரி கொளுத்தினார். கை நடுக்கம் நிற்கவில்லை. ஆம்பிளை வேறு. "நான் பயப்படுறதே செத்த சனத்துக்குச் செய்யுற துரோகம் மாதிரி இருக்கு" என்று ஒருநாள் சொன்னார். தராசு எவ்வளவு தூரம் உள்ளே போய்விடுகிறது பாருங்கள். மற்றவர்கள் நிறுப்பதை நிறுத்திய பிறகும் நாங்களே எங்களை நிறுத்துக்கொண்டிருப்போம்.

அப்போ என்ன செய்வது?

இணையத்தில் கிடைக்கும் பிரபலமான அறிவுரை ஒன்று இருக்கிறது: உங்கள் உணர்வை மதிக்காதவர்களை வாழ்க்கையிலிருந்து வெட்டிவிடுங்கள். மூன்று அறைத் தொடர்மாடியில், ஒரே கேத்தலில் தண்ணி கொதிக்க வைக்கும் குடும்பத்தில், யாரை எங்கே வெட்டுவது? அதோடு அம்மாவை வெட்ட எனக்கு மனமும் இல்லை. அவர் கெட்ட மனதோடு சொல்லவில்லை. யாழ்ப்பாணத்தில் போர்க்காலத்தில் வேலை செய்த மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம், தனி ஆட்களை மட்டுமல்ல, ஒரு முழுச் சமூகத்தையே யுத்தம் எப்படி மாற்றிவிட்டது என்று நிறைய எழுதியிருக்கிறார். வாயை மூடிக்கொண்டிருப்பதுதான் உயிர் தப்பும் வழி என்று பழகிப்போன சனம். பதினேழு வயதில் அம்மா அழுதிருந்தால் கேட்க அந்த முகாமில் ஆர் இருந்தது? கிடைக்காத ஒன்றை எனக்குத் தரச் சொன்னால் அவர் எங்கே போவார்? இதை விளங்கிக்கொண்டதால் வலி போய்விட்டது என்று பொய் சொல்லமாட்டேன். கோபம் கொஞ்சம் குறைந்தது, அவ்வளவுதான்.

எனக்கு உதவியதைச் சொல்கிறேன். உங்களுக்கு உதவுமோ தெரியாது.

அம்மாவிடம் அத்தாட்சிப் பத்திரம் வாங்கும் முயற்சியை விட்டேன். கிராம சேவகரிடம் கையெழுத்து எடுக்கிற மாதிரி, என் கவலை உண்மைதான் என்று அவர் ஒப்பம் வைத்தால்தான் அழுவேன் என்று ஒரு பிடிவாதம் எனக்குள் இருந்தது. எத்தனை தடவை விளக்கம் சொன்னேன்! ஒவ்வொரு விளக்கமும் ஒரு வழக்காக மாறி, கடைசியில் 83-க்குப் போய்த் தோற்றேன். இப்போது ஒரே வசனம்தான்: "உங்களுக்குச் சின்ன விசயம், எனக்கு இல்லை அம்மா." சொல்லிவிட்டு வெங்காயம் உரிக்கத் தொடங்கிவிடுவேன். விவாதம் இல்லை.

பிறகு எழுதினேன். 1986-இல் ஜேம்ஸ் பென்னிபேக்கர் என்ற அமெரிக்க உளவியலாளர் மாணவர்களை நாலு நாள் தொடர்ந்து, நாளுக்குப் பதினைந்து நிமிடம், மனதை அழுத்தும் விசயத்தை எழுத வைத்தார். எழுதியவர்கள் பிந்திய மாதங்களில் வைத்தியரிடம் போனது குறைவு என்று கண்டார். எழுதிய உடனே அவர்களுக்கு மனம் இன்னும் பாரமாகத்தான் இருந்ததாம். எனக்கும் அப்படியே. முதல் நாள் எழுதிவிட்டு இன்னும் மோசமாக அழுதேன். மூன்றாம் நாள் ஒரு விசயம் பிடிபட்டது. நான் அழுவது அவள் போனதற்காக மட்டும் இல்லை. போகலாமா விடலாமா என்று அவள் ஒரு வருசமாக யோசித்தபோது, ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் "போ, போ" என்று தள்ளிவிட்டதே நான்தான். ஒருநாள்கூட "எனக்குக் கவலையாக இருக்கும்" என்று சொல்லவில்லை. அவள் முன்னால் என் கவலையை முதலில் நிறுத்து ஒதுக்கியது அம்மா இல்லை, நான்.

வட்ஸ்அப்பில் அதைச் சொன்னேன். ஏழு நிமிட வொய்ஸ் மெசேஜ். அவள் பதிலுக்கு ஒன்றும் பேசவில்லை, அழுகிற சத்தம் மட்டும் அனுப்பினாள். அதை இன்னும் அழிக்காமல் வைத்திருக்கிறேன்.

நியாயத்துக்கு ஒன்று சொல்ல வேண்டும். அலட்சியமாகச் சொல்பவர்கள் எல்லா இடத்திலும் பிழை இல்லை. போன முதல் கிழமை அவள் மூன்று நாள் போன் எடுக்கவில்லை. மறந்துவிட்டாள் என்று நான் முடிவே கட்டிவிட்டேன். "விசர்க்கதை கதையாதை, பிள்ளையளோட புது இடத்தில நித்திரை கொள்ளுதுகளோ என்னவோ" என்றார் அம்மா. அதுதான் உண்மை. மறந்துவிட்டாள் என்ற என் முடிவை அவர் திருத்தியது சரி. மூன்று நாள் எனக்கு நெஞ்சு அடைத்தது சரியா பிழையா என்று கேட்க மட்டும் ஒருவருக்கும் வேலை இல்லை.

எனக்குத் தேவைப்பட்டது ஒரே சொல். உம். சின்ன வயதில் அம்மம்மா கதை சொல்லும்போது நாங்கள் உம் கொட்ட வேண்டும். கொட்டாவிட்டால் கதையை நிறுத்திவிடுவார். கதைக்கே அது வேண்டியிருக்கிறது என்றால் கவலைக்கு எவ்வளவு வேண்டும்? இப்போதெல்லாம் ஆரிடமாவது சொல்லத் தொடங்கும்போதே "வழி ஒண்டும் சொல்ல வேண்டாம், பத்து நிமிசம் கேளுங்கோ" என்று முதலே சொல்லிவிடுகிறேன். ஆச்சரியமாக, பலருக்கு அது நிம்மதியாக இருக்கிறது. தீர்வு சொல்ல வேண்டும் என்ற பதற்றத்தில்தான் பாதிப்பேர் "விடு, பெரிசு படுத்தாதே" என்கிறார்களோ என்னவோ.

உம் கொட்ட வீட்டில் ஆளே இல்லாதவர்களும் இந்தக் கொழும்பில் இருக்கிறார்கள். சின்ன அறையில் வாடகைக்கு இருந்து வேலைக்குப் போகும் பிள்ளைகள் நிறையப் பேர். நித்திரை இல்லாமல், சாப்பிடப் பிடிக்காமல், இருந்து என்ன பயன் என்று தோன்றும் அளவுக்குப் போனால் 1926-க்கு எடுங்கள், தேசிய மனநல நிறுவனத்தின் இலக்கம். 1333 என்ற ஆலோசனை இலக்கமும் இருக்கிறது. சுமித்ரயோ என்ற தொண்டு அமைப்பு 1974-இலிருந்து இதே வேலையைத்தான் செய்கிறது, கேட்பது. தேசிய மனநல நிறுவனம் அங்கொடையில் இருப்பதால் "அங்கொடைக்கு அனுப்பவேணும்" என்று பகிடி பண்ணுகிறோம், யாழ்ப்பாணத்தில் அதுவே "மந்திகைக்கு". அந்தப் பகிடிக்குப் பயந்து போன் எடுக்காமல் இருந்தவர்களை எனக்குத் தெரியும். கொட்டாஞ்சேனைக்காரர் அதில் ஒருவர். போன வருசம்தான் ஒரு வைத்தியரிடம் போனார். கை நடுக்கம் முழுக்க நிற்கவில்லை, ஆனால் பழைய பகிடிகள் திரும்பத் தொடங்கிவிட்டன.

பதுளைத் தங்கச்சிக்கும் போன மாதம் எழுதினேன், மூன்று வருசம் பிந்தி. பதிலுக்குப் பட்டமளிப்பு உடுப்போடு லயத்து வாசலில் அம்மா அப்பாவோடு நிற்கும் படம் ஒன்றை அனுப்பினாள். பிறகு உடுப்பை வாடகைக்கு எடுத்துக்கொண்டு போய் எடுத்ததாம். வேறு ஒன்றும் எழுதவில்லை.

அம்மா மாறினாரா என்று கேட்பீர்கள். போன கிழமையும் 83 வந்தது, ஏதோ தண்ணி பில் கதைக்குள். அது வரும்.

ஆனால் நேற்று மீன்குழம்பு வைக்கத் தூள் தேடினேன். தட்டின் பின்பக்கத்தில், வெட்டப்படாமல், அவள் தந்த பைக்கற் அப்படியே இருந்தது. முன்னால் கடையில் வாங்கிய அரைக் கிலோ ஒன்று. மிளகாய்த்தூள் விற்கிற விலைக்கு இது என்ன வீண் செலவு என்று கேட்டேன்.

"அதைத் தொடாதை" என்றார் அம்மா. "அவளின்ரை எல்லோ."