சேலைக்கு மட்டும் கலர், ஆளுக்குக் கறுப்பு வெள்ளை

கல்யாண ஆல்பங்களில் இப்போது ஒரு பக்கம் தவறாமல் வந்துவிடுகிறது. படம் முழுக்கக் கறுப்பு வெள்ளை, பெண்ணின் சேலை மட்டும் சிவப்பு. இல்லையென்றால் மாலை மட்டும், அதுவும் இல்லையென்றால் மாப்பிள்ளை நீட்டுகிற ஒற்றை ரோஜா மட்டும். 'செலக்டிவ் கலர்' என்று பெயர். எனக்கு இது சுத்தமாகப் பிடிக்காது. பிடிக்காது என்று மொட்டையாகச் சொன்னால் ரசனை இல்லாதவன் என்று முடித்துவிடுவீர்கள், அதனால் கொஞ்சம் நீட்டியே எழுதுகிறேன்.

சமீபத்தில் சொந்தத்தில் ஒரு வீட்டு ஆல்பத்தைப் புரட்டினேன். 12க்கு 36 அங்குல ஸ்ப்ரெட், அதாவது விரித்து வைத்த இரண்டு பக்கமும் முழுக்க ஒரே படம், தாலி கட்டுகிற நேரம். மாப்பிள்ளை குனிந்து முடிச்சுப் போடுகிறார், நாத்தனாரின் கை பின்னாலிருந்து நீள்கிறது, பெண்ணின் அம்மா முந்தானையால் கண்ணைத் துடைக்கிறார், ஒரு தாத்தா அட்சதையை எறியக் கையை ஓங்கிவிட்டு எறிய மறந்து அப்படியே பார்த்துக்கொண்டு நிற்கிறார். எவ்வளவு நல்ல படம்! ஆனால் இத்தனை பேரும் சாம்பல் நிறத்தில் இருக்க, அரக்குப் பட்டும் பச்சை பார்டரும் மட்டும் பளபளவென்று எரிகின்றன. பார்க்கிறவன் கண் நேராகச் சேலைக்குப் போய் அங்கேயே நின்றுவிடுகிறது. அந்தத் தாத்தாவை நான் கவனித்ததே பக்கத்தைத் திருப்பப் போகும்போதுதான்.

என் சண்டையே இதுதான். கடையில் வாங்கின பொருளுக்கு நிறம், கல்யாணத்துக்கு வந்த மனிதர்களுக்குச் சாம்பல். ஜவுளிக்கடை விளம்பரத்துக்கு இது சரி, அங்கே விற்க வேண்டியது சேலையைத்தானே. வீட்டில் இருக்கப்போகிற ஆல்பத்தில் எதற்கு?

இது எப்படி வந்து ஒட்டிக்கொண்டது என்பதும் ஓரளவு புரிகிறது. நம் வீடுகளில் கறுப்பு வெள்ளைப் படம் என்றாலே பெரியவர்கள் முகம் சுளிப்பார்கள். நல்ல காரியத்தில் கறுப்பு எதற்கு, சுவரில் மாலை போட்டு மாட்டின படம் மாதிரி இருக்கிறதே என்பார்கள். கேண்டிட், அதாவது போஸ் கொடுக்க வைக்காமல் இயல்பாகப் படம் எடுக்க வருகிற பையனுக்கோ கறுப்பு வெள்ளை மேல் ஆசை. அது ஆசை மட்டும் இல்லை, பல நேரம் வேறு வழியும் இல்லை. மேடைக்கு மேலே ஊதா எல்இடி பார் லைட், முன்னால் மஞ்சளாக அடிக்கிற வீடியோ லைட், ஓரத்தில் மண்டபத்து டியூப் லைட், எல்லாம் சேர்ந்து பெண்ணின் ஒரு கன்னம் ஊதா, மறு கன்னம் மஞ்சள். அதை ஒயிட் பேலன்ஸில், அதாவது விளக்கின் நிறத்துக்கு ஏற்பப் படத்தின் நிறத்தைத் திருத்துகிற வசதியில், சரிசெய்ய முடியாது, ஒன்றைத் திருத்தினால் இன்னொன்று கெடும். கறுப்பு வெள்ளை ஆக்கினால் தப்பித்துவிடலாம். அப்புறம் அம்மாவைச் சமாதானப்படுத்தச் சேலைக்கு மட்டும் கலரைத் திருப்பிக் கொடுப்பது. இதில் கூத்து என்னவென்றால் அந்த ஊதா விளக்கு சேலை மேலும்தான் அடித்திருக்கும், அரக்கு அங்கே மெஜந்தாவாகத்தான் கிடக்கும். ஆகவே டிசைனர் சேலைக்குப் புதுசாகவே ஒரு சிவப்பைப் பூசுவார். எடுத்த சேலை ஒன்று, ஆல்பத்தில் இருப்பது வேறொன்று!

செய்கிறதையாவது ஒழுங்காகச் செய்கிறார்களா? முறையாகச் செய்வதென்றால் கலர் எங்கே தெரிய வேண்டும், எங்கே மறைய வேண்டும் என்று பிரிக்கிற லேயர் மாஸ்க் போட்டு, ஓரமெல்லாம் பிரஷ்ஷால் பொறுமையாக வரைய வேண்டும். ஆல்பம் டிசைனருக்கு ஏது அவ்வளவு நேரம், சீசன் வந்தால் மேஜையில் வேலை குவிந்து கிடக்கும். அதனால் லைட்ரூம் என்கிற படம் திருத்தும் மென்பொருளில் சிவப்பு ஒன்றை விட்டுவிட்டு மற்ற எல்லா நிறத்தின் சாச்சுரேஷனையும், அதாவது நிறத்தின் அடர்த்தியையும், கீழே இழுத்துவிடுவது. நம் தோலின் நிறம் ஆரஞ்சுக்கும் சிவப்புக்கும் நடுவில் கிடப்பது, ஆகவே முகம் சாம்பலாகும்போது உதடும் காது மடலும் உள்ளங்கையும் மட்டும் லேசாகச் சிவந்து நிற்கும். பார்க்க ஜுரம் வந்த மாதிரி இருக்கும். மஞ்சளை வைத்துச் செய்தால் இன்னும் வேடிக்கை. தாலிக் கயிறு மட்டும் மஞ்சளாகத் தெரிய வேண்டும் என்று செய்த ஒரு படத்தில், மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்த மாமா மடியில் வைத்திருந்த மஞ்சள் பையும் சேர்ந்து ஜொலித்தது. கயிறு சின்னது, பை பெரியது. படத்துக்கு நாயகன் யார் என்று நீங்களே சொல்லுங்கள்.

சோனி கேமராவில் 'பார்ஷியல் கலர்', நிக்கானில் 'செலக்டிவ் கலர்', கேனானின் சின்ன கேமராக்களில் 'கலர் ஆக்சென்ட்' என்று பட்டனைத் தட்டினாலே வருகிற எஃபெக்ட் இது. இதைத்தான் தனிக் கலை வேலைப்பாடு என்று பேக்கேஜில் எழுதித் தருகிறார்கள்.

'பார்டர் தெரியாமல் போய்விடும், அதனால்தான் கலர் வைக்கிறோம்' என்று ஒரு நண்பர் சொன்னார். நியாயமான கவலைதான். அரக்கு உடலும் கரும்பச்சை பார்டரும் கண்ணுக்கு எதிரெதிர் நிறங்கள், சாம்பலாக மாற்றினால் இரண்டும் கிட்டத்தட்ட ஒரே கருமையில் போய் விழும். ஆனால் அதற்கு வழி கறுப்பு வெள்ளைக்குள்ளேயே இருக்கிறது. பிலிம் காலத்தில் லென்ஸ் முன்னால் சிவப்பு ஃபில்டர் போட்டால் சிவப்புப் பொருள் வெளுத்தும் பச்சை கருத்தும் விழும், பச்சை ஃபில்டர் போட்டால் தலைகீழ். இன்றைக்கு அதே வேலையைக் கம்ப்யூட்டரில் கறுப்பு வெள்ளையாக மாற்றும்போதே ஒவ்வொரு நிறத்துக்கும் தனி ஸ்லைடர் வைத்துச் செய்யலாம். பார்டர் பிரிந்து தெரியும், ஜரிகை வெள்ளி மாதிரி மின்னும், ஹோமப் புகை அடுக்கடுக்காக எழும். முகத்தையும் பார்த்துக்கொண்டேதான் சிவப்பு ஸ்லைடரை நகர்த்த வேண்டும், இல்லையென்றால் சேலையோடு சேர்ந்து தோலும் வெளுத்துவிடும். கொஞ்சம் மெனக்கெட வேண்டும், அவ்வளவுதான்.

பழைய ஸ்டூடியோக்களிலும் கறுப்பு வெள்ளைப் படத்துக்குக் கையால் கலர் ஏற்றினார்களே என்று கேட்பீர்கள். ஏற்றினார்கள், தாத்தா பாட்டி காலத்துப் படங்களில் இன்னும் பார்க்கலாம். அங்கே முதல் கவனம் முகத்துக்கு. கன்னத்தில் மெல்லிய ரோஸ், உதட்டில் கொஞ்சம், நெற்றிப் பொட்டுக்குச் சிவப்பு, நகைக்குப் பொன் மஞ்சள், சேலையின் நிறம் பல நேரம் உத்தேசம்தான். இல்லாத நிறத்தை மனிதருக்குக் கொடுக்கப் பார்த்தார்கள். இப்போது மனிதரிடம் இருக்கிற நிறத்தைப் பிடுங்கிவிட்டுத் துணிக்கு விட்டுவைக்கிறோம்.

ஒரே ஒரு படம் எனக்குப் பிடித்ததையும் சொல்லிவிடுகிறேன். நலங்கு, பெண்ணின் முகமெல்லாம் மஞ்சள், அத்தைமார் கையெல்லாம் மஞ்சள், மற்றது எல்லாம் கறுப்பு வெள்ளை. அங்கே நிறம் ஆட்களின் கன்னத்திலும் விரலிலும் இருந்தது, யார் யாரைத் தொட்டார்கள் என்று நிறத்தைப் பிடித்துக்கொண்டே போய்ப் பார்க்க முடிந்தது. பொறுமையாக மாஸ்க் போட்டும் இருந்தார்கள்.

கல்யாணம் வைத்திருக்கிறவர்களுக்கு ஒன்று. ஆல்பம் டிசைன் பார்க்கக் கூப்பிடும்போது போய்ப் பாருங்கள், வாட்ஸ்அப்பில் பார்த்து ஓகே சொல்லிவிடாதீர்கள். வேண்டாத பக்கத்தை முழுக் கலராகவோ முழுக் கறுப்பு வெள்ளையாகவோ மாற்றித் தரச் சொல்லுங்கள், பிரிண்டுக்குப் போகும் முன் அது பெரிய வேலையே இல்லை. கலர் நீக்கி ஜேபெக்காக மட்டும் சேமித்துவிட்டால் அந்த ஃபைலிலிருந்து போன நிறத்தை மீட்க முடியாது, ஆகவே ஒரிஜினல் கலர் ஃபைல் எல்லாவற்றையும் ஹார்ட் டிஸ்க்கில் வாங்கிக்கொண்டு, அது நிஜமாகவே திறக்கிறதா என்று அங்கேயே பார்த்துவிட்டுப் பாக்கிப் பணத்தைக் கொடுங்கள்.