ஓகனெசன்: 1999 கதையும் ‘வாயு’ என்ற பெயரும்

‘118-ஆம் தனிமமான ஓகனெசன் ஒரு மந்த வாயு, 1999-இல் அமெரிக்காவின் பெர்க்லியில் கண்டுபிடித்தார்கள்’ என்று மேலே ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். இரண்டுமே திருத்த வேண்டியவை.

1999-இல் பெர்க்லி ஆய்வகம் அப்படி அறிவித்தது உண்மைதான். ஈயத்தின் மீது கிரிப்டானை மோதவிட்டு 118 கிடைத்ததாகச் சொன்னார்கள். வேறு ஆய்வகங்கள் முயன்றபோது ஒன்றும் கிடைக்கவில்லை. மூலத் தரவுகளைத் திரும்பப் பார்த்தபோது 118 உருவானதைக் காட்டும் நிகழ்வுகள் அவற்றில் இல்லவே இல்லை! ஒருவர் தரவுகளைப் புனைந்திருந்ததாக விசாரணையில் முடிவானது. அறிவிப்பை அந்த ஆய்வகமே திரும்பப் பெற்றுக்கொண்டது. இந்தப் பாதிக் கதை இன்னும் சுற்றுவதுதான் வருத்தம்.

உண்மையில் அதை உருவாக்கியது ரஷ்யாவின் டூப்னா ஆய்வகமும் அமெரிக்காவின் லிவர்மோர் ஆய்வகமும் சேர்ந்து. கலிபோர்னியம்-249 இலக்கின் மீது கால்சியம்-48 அயனிகளைப் பாய்ச்சினார்கள். முதல் அணு 2002-இல் பதிவானது, அறிவிப்பு 2006-இல்தான் வந்தது. அவ்வளவு பொறுமை! 2016-இல் டூப்னா இயற்பியலாளர் யூரி ஓகனேசியன் பெயரைச் சூட்டினார்கள், அவர் உயிரோடு இருக்கும்போதே.

அப்புறம், வாயு என்பது. அட்டவணையில் மந்த வாயுக்களின் 18-ஆம் தொகுதியில் இருப்பதால் வந்த ஊகம் அது. இதுவரை கிடைத்தவை விரல்விட்டு எண்ணக்கூடிய அணுக்கள்தான். ஒவ்வொன்றும் ஏறத்தாழ ஒரு மில்லி நொடியில் ஆல்ஃபா துகளை (இரண்டு புரோட்டான், இரண்டு நியூட்ரான்) உமிழ்ந்து 116-ஆம் தனிமமான லிவர்மோரியமாகிவிடும். அதை வைத்து யாரும் வேதிச் சோதனை செய்ததில்லை. கணக்கீடுகளோ சாதாரண வெப்பநிலையில் அது திடப்பொருளாக இருக்கும், மற்ற மந்த வாயுக்களைவிட எளிதில் வினைபுரியும் என்கின்றன. உட்கருவின் நேர்மின்னூட்டம் அவ்வளவு அதிகம் என்பதால் எலக்ட்ரான்கள் மிக வேகமாக ஓடுகின்றன, ஒளியின் வேகத்தை நெருங்கும்போது தோன்றும் சார்பியல் விளைவுகள் தொகுதியின் வழக்கத்தையே மாற்றிவிடுகின்றன.