எந்தப் பட்டையாக இருந்தாலும் போதுமா?
"கையிலோ தொடையிலோ ஒரு பட்டையை இறுக்கிக் கட்டி லேசான எடை தூக்கினாலே ரத்தக்குழாய்கள் வலுப்பெறும்" என்று, ரத்த ஓட்டத்தைக் கட்டுப்படுத்திச் செய்யும் பயிற்சி (BFR) பற்றிய இந்தக் கட்டுரையில் ஒரே வரியில் முடித்திருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. முழங்கால் அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு அடையாறில் ஓர் இயன்முறை மருத்துவரிடம் இதே பயிற்சியைச் செய்தவன் நான். முதல் நாள் அவர் எடையைத் தொடவே விடவில்லை. தொடையில் அகலமான காற்றுப்பட்டையைச் சுற்றி, கணுக்காலில் ரத்தம் ஓடும் ஓசையைக் கேட்கவைக்கும் டாப்ளர் கருவியை வைத்து, 'உஷ்... உஷ்' என்று கேட்ட நாடியோசை அடங்கும்வரை காற்றை ஏற்றினார்; அந்த அழுத்தத்தைக் குறித்துக்கொண்டு அதில் 60 சதவீதம்தான் பயிற்சிக்கு வைத்தார். ஓசை அடங்கும் அந்த அழுத்தம் ஆளுக்கு ஆள் மாறும், பட்டையின் அகலத்தைப் பொறுத்தும் மாறும். தளர்த்தியதும் பாய்கிற ரத்தம் குழாயின் உட்சுவரை உரசி, குழாயை விரியவைக்கும் நைட்ரிக் ஆக்ஸைடைச் சுரக்கவைக்கிறது என்பது உண்மைதான்; அதற்காகக் கண்டபடி இறுக்கினால் நரம்பு நசுங்கும், ரத்த அழுத்தம் எகிறும். போன மாதம் வேளச்சேரியில் ஓர் உடற்பயிற்சிக் கூடத்தில் ஓர் இளைஞர் சாதாரண எலாஸ்டிக் துணியைப் புஜத்தில் முறுக்கிக் கட்டியிருந்தார். விரல்கள் நீலம் பாரித்திருந்தன, நான்தான் ஓடிப்போய் அவிழ்த்துவிட்டேன். மேலே உள்ள பின்னூட்டத்தில் தம் தந்தைக்கும் இதைச் சொல்லிக்கொடுக்கப் போவதாக எழுதியிருக்கும் நண்பரே, அவருக்குக் காலில் ரத்தம் உறைந்த வரலாறோ கட்டுக்கடங்காத ரத்த அழுத்தமோ இருந்தால், மருத்துவரைக் கேட்காமல் தயவுசெய்து ஆரம்பிக்காதீர்கள்.