ஐம்பது என்று ஒரு கோடு

"ஒரு ஊக்கமருந்துச் சோதனையில்கூட அவர் சிக்கியதில்லையே" என்று ஒரு சைக்கிள் வீரருக்காக யாராவது வக்காலத்து வாங்கினால் எனக்குக் கோபம் வருகிறது. பின்னாளில் ஊக்கமருந்துக்காகப் பட்டங்களை இழந்த அமெரிக்க வீரர் லான்ஸ் ஆம்ஸ்ட்ராங்கும் வருடக்கணக்கில் இதையேதான் சொன்னார்.

1990களில் ஈபிஓ என்ற ஹார்மோன் ஊசிதான் இந்த விளையாட்டை ஆண்டது. சிவப்பணுக்கள் பெருகும், தசைக்கு ஆக்சிஜன் கூடுதலாகப் போகும். அதைக் கண்டுபிடிக்க அப்போது வழியில்லை. அதனால் 1997-ல் சர்வதேச சைக்கிள் சங்கம் ஒரு கோடு போட்டது: ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு 50 சதவீதத்தைத் தாண்டினால் பந்தயத்தில் இடமில்லை. நல்ல எண்ணம்தான். ஆனால் இயல்பாக 42 இருந்தவருக்கு, 49 வரை ஏற்றிக்கொள்ளலாம் என்று வழிகாட்டியதுபோல ஆகிவிட்டது. ரத்தத்தைச் சுழற்றி அளக்கும் சின்ன இயந்திரம் வீரர்களின் பையிலேயே பயணம் செய்தது. 1998 உலக சாம்பியன்ஷிப்பில் சோதனைக்காரர் வந்துவிட்டார். அணி மருத்துவர் ஒரு லிட்டர் உப்புநீரை மழைக்கோட்டுக்குள் மறைத்து, அவரைத் தாண்டிக் கொண்டுபோய், திரைச்சீலையை இழுத்துவிட்டு ஆம்ஸ்ட்ராங்குக்கு ஏற்றினார். ரத்தம் நீர்த்தது, எண் இறங்கியது. பிற்பாடு சக வீரர் ஒருவரே கொடுத்த வாக்குமூலம் இது.

2001-ல் சிறுநீரில் ஈபிஓவைக் கண்டுபிடிக்கும் சோதனை வந்தது. அப்புறம்? காலைக்குள் தடயம் மறைந்துவிடும்படி துளித்துளியாக, ராத்திரியில், நேராக ரத்தக்குழாயில் போட்டுக்கொண்டார்கள். சொந்த ரத்தத்தை எடுத்துக் குளிரில் வைத்திருந்து, பந்தயத்தின் நடுவில் திரும்ப ஏற்றினார்கள். 2006-ல் மாட்ரிட்டில் பைபையாக ரத்தம் சிக்கியதே, பிடித்தது ஆய்வகம் இல்லை, போலீஸ். 1998-ல் ஃபெஸ்டினா அணியின் காரை மருந்தோடு மடக்கியதும் எல்லையில் நின்ற சுங்கக்காரர்கள்தான்.

2008-ல் வந்த உயிரியல் பாஸ்போர்ட்டை நான் மனதார மதிக்கிறேன். மருந்தைத் தேடாமல், அந்த ஆளின் ரத்தத்தையே வருடக்கணக்கில் பின்தொடர்கிறது. வெளியிலிருந்து ரத்தம் ஏற்றினால் இளம் சிவப்பணுக்கள் குறைந்து காட்டிக்கொடுக்கும். அதை மறைக்கவும் கொஞ்சம் ஈபிஓ போட்டுச் சமன்செய்தவர்கள் உண்டு. சரி, ஆனாலும் ஏமாற்றுவதற்கான இடம் சுருங்கியிருக்கிறது. மாதிரிகளை 10 வருடம் வைத்திருந்து புதிய முறையில் மறுபடி சோதிக்கவும் முடிகிறது. அதோடு துப்பறியும் வேலைக்கும் இன்னும் பணம் போக வேண்டும் என்பேன்.

எனக்கு இதில் மனம் ஆறாததற்குக் காரணம் கிறிஸ்டோஃப் பாஸோன்ஸ் என்ற பிரெஞ்சு வீரர். ஃபெஸ்டினாவில் இருந்தும் மருந்தைத் தொடாதவர். 1999 டூர் டி பிரான்ஸ் பந்தயத்தின்போது, ஊக்கமருந்து இன்னும் ஒழியவில்லை என்று பத்திரிகையில் வெளிப்படையாக எழுதினார். ஓடும் பந்தயத்திலேயே ஆம்ஸ்ட்ராங் பக்கத்தில் வந்து, வீட்டுக்குப் போ என்றார். பாஸோன்ஸ் பாதியிலேயே கிளம்பிவிட்டார். அந்த டூரை ஜெயித்த ஆம்ஸ்ட்ராங்கிடமிருந்து பட்டத்தைப் பறிக்க 13 வருடம் ஆனது.