முழுசா கேட்டுட்டுப் பேசுங்க

சனிக்கிழமை எல்லாரும் சேர்ந்து ஒரு ஆல்பம் கேக்குற கூட்டத்துல நடந்தது என்னன்னு இங்க இருக்கிற பாதிப் பேருக்குத் தெரியும். மீதிப் பேர் அந்த வீடியோவைப் பார்த்திருப்பீங்க. திரும்ப மொதல்ல இருந்து சொல்லப் போறதில்ல. மூணாவது பாட்டு முடிஞ்சதும் போனை எடுத்துப் பாட்டை யார் நிறுத்தினாங்க, என்ன சொன்னாங்கன்னு உங்களுக்கே தெரியும். பேர் போட மாட்டேன். ரெண்டு நாளா சரியாத் தூங்கல, அதான் எழுதுறேன்.

நான் கேக்குறது ஒண்ணே ஒண்ணுதான். ஒரு ஆல்பத்தை முழுசா கேட்டுட்டுப் பேசுங்க.

ட்ரீம் தியேட்டர்ங்கிற அமெரிக்க மெட்டல் பேண்டோட முதல் ஆல்பம் 'வென் ட்ரீம் அண்ட் டே யுனைட்'. 1989 மார்ச்ல வந்தது. எட்டுப் பாட்டு, 51 நிமிஷம். எல்லாரும் உட்கார்ந்து இந்த ஆல்பத்தைக் கேக்கலாம்னு சொல்லித்தானே கூப்பிட்டீங்க? நான் வியாசர்பாடி ஜீவாவுல ட்ரெயின் ஏறி, மாறி, கடைசியில ஆட்டோ பிடிச்சு வந்தது அந்த 51 நிமிஷத்துக்காகத்தான். மூணு பாட்டுல நிறுத்திட்டு, "இதெல்லாம் பசங்க பழகிட்டிருந்தப்போ போட்டது, 1992-ல வந்த ரெண்டாவது ஆல்பத்துல இருந்துதான் பேண்டே ஆரம்பிக்குது"ன்னு தீர்ப்பு சொல்லியாச்சு. நாலாவது பாட்டு 'தி கில்லிங் ஹாண்ட்'. எட்டரை நிமிஷத்துக்கு மேல ஓடும், அஞ்சு பகுதியாப் பிரிச்சு எழுதின பாட்டு. நீள நீளமாக் கதை சொல்ற இந்த பேண்டோட வேலை அங்கயே முளைச்சு நிக்குது. சரியா அதுக்கு முன்னாடி நிறுத்தினீங்க.

"சவுண்டு நல்லா இல்லையே"ன்னு கேப்பீங்க. ஆமா, இல்லதான். ட்ரம்ஸ் பக்கத்து வீட்டுல இருந்து கேக்குற மாதிரி இருக்கும். 1988-ல பென்சில்வேனியாவுல ஒரு ஸ்டுடியோவுல சுமார் மூணு வாரத்துல முடிச்ச ரெக்கார்டிங் அது. தயாரிச்ச டெர்ரி டேட்தான் 1990-ல பேண்டெராங்கிற மெட்டல் பேண்டோட 'கவ்பாய்ஸ் ஃப்ரம் ஹெல்'லயும் வேலை பார்த்தார், அதோட சத்தத்தை எல்லாரும் தலையில தூக்கி வெச்சு ஆடுறோம். ஆக ஆளுக்கு வேலை தெரியாம இல்ல. நேரமும் காசும் இருந்திருந்தா இதுவும் வேற மாதிரி வந்திருக்கும். சவுண்டு சுமார்னு சொல்லிட்டு முழுசா கேட்டிருந்தா நான் வாயே திறந்திருக்க மாட்டேன்.

எனக்கு இந்த ஆல்பம் எப்படி வந்துச்சுன்னு சொல்றேன். 1999, ப்ளஸ் டூ. பெரம்பூர்ல ரயில்வேயில இருந்து ரிட்டயர் ஆன ஒரு ஆங்கிலோ இந்தியன் அங்கிள் வீட்டுக்கு அம்மா வேலைக்குப் போயிட்டிருந்தாங்க. அவர் பையன் வெளிநாட்டுல இருந்து கொண்டு வந்ததை ஒரு 90 நிமிஷக் கேசட்ல பதிஞ்சு கொடுத்தார். ஒரு பக்கத்துக்கு 45 நிமிஷம். ஏழு பாட்டோட ஏ பக்கம் சரியா நிரம்பிடும், எட்டாவது பாட்டு பி பக்கம். அது முடிஞ்சதும் மிச்ச இடத்துல அங்கிள் பழைய கன்ட்ரி பாடகர் ஜிம் ரீவ்ஸோட பாட்டைப் பதிஞ்சிருந்தார். இன்னிக்கும் அந்த எட்டாவது பாட்டு முடிஞ்சா என் காது தானா ஜிம் ரீவ்ஸைத் தேடும். கேசட்டைக் கையில கொடுத்துட்டு அவர் சொன்னது இவ்வளவுதான்: "ஃபுல்லா கேளு மேன். பாதியில நிறுத்தாத."

முதல் தடவை ஒண்ணும் புரியல. பல்லவி, சரணம்னு எதுவும் போன இடத்துக்குத் திரும்பி வரல. இங்கிலீஷ் வரிகள்ல பத்து வார்த்தை பிடிபட்டிருந்தா அதிகம். அஞ்சாறு தடவை ஓட்டின பிறகுதான் ட்ரம்ஸ் தனியாப் பிரிஞ்சு காதுல விழுந்துச்சு. பேஸ் கிட்டார் ஒண்ணு அடியில தனியா ஓடிட்டிருக்குன்னு கண்டுபிடிக்க ஒரு மாசம் ஆச்சு.

அப்போதான் எங்க பெரியப்பா பையன்கிட்டப் போனேன். அண்ணன் மோளம் அடிக்கிறவர். வியாசர்பாடி, புளியந்தோப்பு பக்கம் எந்தச் சாவுன்னாலும் அவங்க செட்டுதான். வாசல்ல உட்கார்ந்து வாரை இழுத்துக் கட்டிட்டிருந்தார். வாக்மேன் ஹெட்செட்டை அவர் காதுல மாட்டி மூணாவது பாட்டைப் போட்டேன். அதுல பாட்டு வரி கிடையாது, வாசிப்பு மட்டும்தான். அண்ணன் தொடையில விரலைத் தட்டி எண்ண ஆரம்பிச்சார். நாலு நாலா வந்த விரல் ஒரு இடத்துல அந்தரத்துல நின்னுடுச்சு. "இன்னாடா, ஒரு அடிய முழுங்கிட்டான்?" பேட்டரி தீர்ந்துடும்னு கேசட்டைக் கழட்டி பென்சில் விட்டுச் சுத்தி மறுபடி போட்டேன். கண்ணை மூடிக் கேட்டார். மூணாவது வாட்டியோ நாலாவது வாட்டியோ விரல் நிக்காம அந்த வளைவைத் தாண்டிப் போச்சு. சிரிச்சார். "முழுங்கல. வேணும்னே வுட்டு அடிக்கிறான். எண்ணிக்கினே கீறான்டா." அப்புறம் வாரை அப்படியே போட்டுட்டு ஏ பக்கம் முழுக்கக் கேட்டார்.

எட்டாம் வகுப்புகூடத் தாண்டாதவர் அண்ணன். நீங்க போனை எடுத்து நிறுத்தின அந்த இடத்துலதான் அவர் உட்கார்ந்து எண்ணினார்.

அந்த மூணாவது பாட்டோட பேர் 'தி யிட்ஸி ஜாம்'. பேண்டுக்கு முதல்ல மெஜஸ்டின்னு பேர். 1985-ல பாஸ்டன் பெர்க்லி இசைக் கல்லூரியில படிச்ச மூணு பசங்க, பெட்ரூச்சி, மியுங், போர்ட்நாய், சேர்ந்து ஆரம்பிச்சது. அதே பேர்ல வேற ஒரு குழு இருந்ததால அதை விட வேண்டியதாயிடுச்சு. போர்ட்நாயோட அப்பா கலிஃபோர்னியாவுல இருந்த ஒரு சினிமா தியேட்டர் பேரைச் சொல்ல, ட்ரீம் தியேட்டர் ஆச்சு. ஆனா மெஜஸ்டியோட இங்கிலீஷ் எழுத்தைக் கடைசியில இருந்து படிச்சா அந்தப் பாட்டோட பேர் வரும் (Majesty, Ytse Jam). விட்டுக் கொடுத்த பேரைத் திருப்பிப் போட்டு முதல் ஆல்பத்துலயே வெச்சிருக்காங்க. இதைத்தான் சனிக்கிழமை சொல்ல வந்தேன். சொல்ல விடல.

"பாடினவரையே அவங்க மாத்திட்டாங்களே, அவங்களுக்கே பிடிக்கலன்னுதானே அர்த்தம்?"னு ஒருத்தர் கேட்டார். முதல் ஆல்பத்துல பாடினவர் சார்லி டொமினிசி. மத்தவங்க இருபதைத் தாண்டின பசங்க, அவர் நாற்பதை நெருங்கிட்டவர். ஆல்பம் வந்த பிறகு கம்பெனி பெருசா எதுவும் செய்யல, நியூயார்க்கைச் சுத்தி நாலைஞ்சு மேடைதான் கிடைச்சுது. அதோட அவரை அனுப்பிட்டாங்க. இருநூறு பேருக்கு மேல பாடச் சொல்லிக் கேட்டுப் பார்த்துட்டு கனடாவுல இருந்து ஜேம்ஸ் லாப்ரீயைப் பிடிச்சாங்க. எல்லாம் உண்மை. லாப்ரீ பெரிய பாடகர்னு நானும் சொல்றேன். ஆனா கதையை அங்க நிறுத்தாதீங்க. 2004 மார்ச்ல, இந்த ஆல்பத்தோட பதினஞ்சாவது வருஷத்துல, லாஸ் ஏஞ்சலஸ்ல எட்டுப் பாட்டையும் முழுசா மேடையில வாசிச்சாங்க. கடைசியில டொமினிசியை மேடைக்குக் கூப்பிட்டாங்க. 2023-ல அவர் போயிட்டார். அவங்களே மதிச்சுக் கூப்பிட்ட மனுஷனைக் குப்பைன்னு சொல்ல உங்களுக்கு வாய் எப்படி வந்துச்சு?

"ஒரு பொழுதுபோக்குக் கூட்டத்துக்கு இவ்வளவு பெரிய பதிவா?" ஆமா. எனக்கு இது பொழுதுபோக்கு இல்ல.

இப்ப வீடியோவுல இல்லாத பகுதிக்கு வர்றேன். "முழுசா ஓட விடுங்க"ன்னு நான் சொன்னதும் பாட்டை நிறுத்தினவர் கேட்டது: "எந்த ஏரியா ப்ரோ?" வியாசர்பாடின்னு சொன்னேன். "ஓ... அங்கெல்லாம் கானாதானே?" ரெண்டு பேர் சிரிச்சாங்க. வீடியோ எடுத்தவர் அதுக்குள்ள கேமராவைத் திருப்பிட்டார்.

கானாதான். மரண கானா கேட்டு வளர்ந்தவன் நான். எங்க அப்பாவைத் தூக்கினப்போ விடிய விடியப் பாடினாங்க, அந்தக் குரல் இன்னும் என் நெஞ்சுல இருக்கு. 2018 ஜனவரியில கானாவையும் ராக்கையும் கலந்து பாடுற கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் குழு கீழ்ப்பாக்கத்துல முதல் மேடை ஏறினப்போ கூட்டத்துல நின்னு அழுதவன். கானாவை வசவா நினைச்சு என் மேல எறிஞ்சீங்க. அது என் சொத்து. இதுவும் என் சொத்து. 51 நிமிஷம் கேக்கப் பொறுமை இல்லாதவர், நாலு வார்த்தையில ஊரைக் கேட்டு ஆளை எடை போட்டுட்டார்.

இருபத்திரண்டு வயசுல முதல் வேலைக்கு இன்டர்வியூ போனப்போ விண்ணப்பத்துல பெரம்பூர்னு எழுதினேன். வியாசர்பாடின்னு எழுதினா கூப்பிட மாட்டாங்கன்னு கூட வந்தவன் சொன்னான். எங்க பக்கம் எத்தனை பேர் இதைச் செஞ்சிருக்காங்கன்னு கமெண்ட்ல கேளுங்க, சொல்வாங்க. பஸ்ல திரும்பி வர்றப்போ வாக்மேன்ல மூணாவது பாட்டு ஓடிட்டிருந்துச்சு. பேரை மறைச்சுட்டு வந்தவன் காதுல, பேரைத் திருப்பிப் போட்டவனுங்க வாசிச்ச பாட்டு. அன்னிக்கு முடிவு பண்ணினேன், இனி எவன் கேட்டாலும் வியாசர்பாடின்னுதான் சொல்வேன்னு. சனிக்கிழமையும் அதைத்தான் சொன்னேன்.

எங்க ஆளுங்களும் என்னை விடல. "உனக்கு எதுக்குடா அவனுங்க கூட்டம், வெள்ளைக்காரன் கத்துறதைக் கேக்க அவ்வளவு தூரம் போகணுமா?"ன்னு நேத்து டீக்கடையில கேட்டாங்க. பாசத்துல கேட்டாங்க, தெரியும். ஆனாலும் அது சனிக்கிழமை கேட்ட சிரிப்பை விட அதிகமா வலிச்சுது. அவங்ககிட்டயும் அதேதான் சொன்னேன். முழுசா ஒரு தடவை கேளுங்க, அப்புறம் கத்துறான்னு சொல்லுங்க.

வர்ற ஞாயிறு சாயங்காலம் ஆறு மணிக்கு எங்க வீட்டு மொட்டை மாடி. அண்ணன் வர்றேன்னு சொல்லிட்டார். ஸ்பீக்கர் ஒண்ணு வாடகைக்குச் சொல்லியிருக்கேன், பாய் விரிச்சு வெக்கிறேன், டீ உண்டு. சனிக்கிழமை பாதியில நிறுத்தினவரும் வரலாம், ஊர் கேக்க மாட்டோம். போன் என் கையில இருக்காது, அண்ணன் கையில இருக்கும். எட்டாவது பாட்டு முடியுற வரைக்கும் அவர் யாருக்கும் தர மாட்டார்.