தௌலியில் இல்லாத வருத்தம்
கலிங்கப் போருக்காக மௌரியப் பேரரசர் அசோகர் வருந்திய வாசகம் கலிங்கத்திலுள்ள (இன்றைய ஒடிசா) தௌலிப் பாறையிலேயே பொறிக்கப்பட்டுள்ளது என்றும், அதன்பின் அவர் கலிங்கத்தை விடுவித்தார் என்றும் சொல்லப்படுவது சரியன்று. ஒன்றரை லட்சம் பேர் சிறைபிடித்துக் கொண்டுசெல்லப்பட்டதையும் ஒரு லட்சம் பேர் கொல்லப்பட்டதையும் கூறி வருந்துவது, அசோகர் பல இடங்களில் பாறைகளில் வெட்டுவித்த கட்டளை வரிசையில் 13ஆவது. இந்த 13ஆம் பாறைக் கட்டளை குஜராத்திலுள்ள கிர்னார், உத்தராகண்டிலுள்ள கால்சி, இன்றைய பாகிஸ்தானிலுள்ள ஷாபாஸ்கடி முதலிய இடங்களில் இருக்கிறதே தவிர, கலிங்கத்தின் தௌலியிலும் ஜௌகடாவிலும் 11 முதல் 13 வரையிலான கட்டளைகள் விடப்பட்டு, அவற்றுக்குப் பதிலாக இரண்டு தனிக் கட்டளைகள் வெட்டப்பட்டுள்ளன. கலிங்கத்தின் தோசாலி, சமாபா நகர அதிகாரிகளுக்கான அவற்றில் “எல்லா மக்களும் என் பிள்ளைகள்” என்று அரசர் கூறுகிறார். தோற்றவர்களிடம் அவர்களது தோல்வியை நினைவூட்ட விரும்பவில்லை போலும். நாட்டை விடுவித்ததாக எந்தக் கட்டளையும் கூறவில்லை. தோசாலியிலிருந்து மௌரிய ஆட்சியே தொடர்ந்தது. வருத்தம் தெரிவிக்கும் அதே 13ஆம் கட்டளை, காட்டுவாழ் மக்களை அரசரின் வலிமையைச் சுட்டி எச்சரிக்கவும் செய்கிறது.